நோய் காட்டும் நீலப்பூ

சதுப்பில் அந்த நீலப்பூ காலங்காலமாக அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. 'பூவைத்தியர்' என்று ஒருவர் ஊருக்கு வந்த பிறகுதான் அதற்கு டாக்டர் பட்டம் கிடைத்தது!

ஊரே திரண்டது. ஊதுபத்திப் புகைக்கு நடுவே இரண்டு தொட்டிகள். புதிய நோயாளி இடப்பக்கத் தொட்டியில் கையை நனைப்பார். வைத்தியர் பூவைக் கசக்கிப் போடுவார். நீலம் சிவக்கும். "ரத்தத்துல விஷம்!" உடனே ஒரு புட்டி மருந்து. மருந்து குடித்தவருக்கு வலப்பக்கத் தொட்டி. பூ நீலமாகவே இருக்கும். குணமாகிவிட்டதாம்! படித்தவர்களுக்கு முன்வரிசை.

லாரி டிரைவர் ஒருவருக்குச் சர்க்கரை நோய்; காலில் புண். வைத்தியர் பேச்சைக் கேட்டு மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். புண் கறுத்தது. தையல்கடை வைத்திருந்த தங்கை பதறினாள்.

"அண்ணே, கால் நாறுது. ஆஸ்பத்திரிக்கு வா."

"சும்மா இரு. நேத்து பூ சிவக்கவே இல்ல. எனக்குக் குணமாயிடுச்சு."

"பூவுக்குக் குணமாயிடுச்சு. உன் காலுக்கு?"

மறுநாள் அண்ணனை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். இடப்பக்கத் தொட்டியில் அப்போதுதான் புது நீர் ஊற்றியிருந்தார்கள்.

"ஐயா, யாரும் கை வைக்காம பூவைப் போடுங்க, பார்ப்போம்."

"மூலிகைக்கு அவமரியாதை!" என்று சீறினார் வைத்தியர்.

அவளே கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கசக்கிப் போட்டாள். பளிச்சென்று சிவந்தது.

"இப்ப யாருக்கு விஷம்? தொட்டிக்கா?"

"உன் மூச்சுக்காத்து பட்டிருக்கும்!"

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முன்வரிசையில் இருந்த ஆசிரியர் ஒருவரும் நக்கிப் பார்த்தார். முகம் எட்டுக் கோணலாக, அவர் கத்தினார்:

"எலுமிச்சைச் சாறு! வாசனை தெரியாம இருக்கத்தான் இத்தனை ஊதுபத்தியா?"

வலப்பக்கத் தொட்டியில் இருந்தது வெறும் தண்ணீர். வைத்தியர் ஓடினார். எங்கே? சதுப்புக்குள்! இடுப்புவரை புதைந்து, "காப்பாத்துங்க!" என்று கத்தியவரைக் கயிறு போட்டு இழுத்துப் போலீசிடம் விட்டார்கள்.

டிரைவருக்கு இரண்டு கால்விரல்கள் போயின. கால் தப்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் முனகினார்: "அப்ப மூலிகையெல்லாம் பொய்யா?"

"பூ என்ன பண்ணுச்சு? அந்தக் காலத்துல வீக்கத்துக்கு நீர்முள்ளி கொடுத்தவங்க, வீக்கம் வடிஞ்சுதான்னு பார்த்தாங்க. நீ பூவைப் பார்த்தே, காலைப் பார்க்கல." சொல்லிக்கொண்டே தங்கை அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் இப்போது நோய் சொல்லும் வியர்க்கும் கல் ஒன்று வந்திருக்கிறதாம். வரிசை வளர்கிறது. வரிசையில் நிற்கக் கால் போதும், ஐயா. நிற்க வேண்டுமா என்று கேட்கத்தான் தலை!