முள்ளங்கி துரை போட்ட கோல்

தோல்ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. தன் கையில் தோல் பதமாவதைப் பார்த்துப் பார்த்து, மாட்டையே தான்தான் செய்தோம் என்கிற அளவுக்கு மண்டைக்கனம் ஏறிவிடும். ஆம்பூரில் வேலை பார்த்த நாளில் எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. இளவயசு. மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் வேறு. (இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தால் புத்திக்கு இடம் ஏது?) அந்தக் கனத்தில் நான் என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு கால்பந்து செய்தேன். ஒரு நல்ல மனிதரின் கடைசி ஆசை அதோடு போயிற்று.

எங்கள் ஷாப்பில் எண்ணெய் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பெயர் முல்லனி. வந்த வாரமே அது முள்ளங்கி ஆகிவிட்டது. வெயிலில் சிவந்துபோன அந்த நீள முகத்துக்கு வேறெந்தப் பெயரும் பொருந்தியிருக்காது. அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் மட்டும்தான் கோபம் வரும். "நானு அயர்லாந்துபா" என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார். பாதி இங்கிலீஷ், பட்டாளத்து இந்துஸ்தானி, எங்களிடம் பொறுக்கிய தமிழ், இப்படி எல்லாம் கலந்த ஒரு பாஷை அவருடையது.

பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்து, பட்டாளம் விட்ட பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். அதற்கும் முன்னால் அவர் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவர். அதை நாங்கள் முதலில் நம்பவே இல்லை.

"உதைக்கிறதுக்குச் சம்பளமா?" என்றான் என் சிநேகிதன் கரீம். "எங்கப்பா என்னைச் சும்மாவே உதைக்கிறாரே!"

சாயங்காலம் எஞ்சினை நிறுத்தியதும் எல்லோரும் பாலாற்று மணலுக்குப் போவோம். தண்ணீர் இல்லாத ஆறு எங்களுக்கு மைதானம். கரீம் கோல் காப்பவன், நான் பின்வரிசை. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே நின்று, எதிரியிடமிருந்து பந்தைப் பிடுங்கி முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கிற இடம் துரைக்கு. அவர் சம்பளத்துக்கு ஆடியதும் அந்த இடத்தில்தான்.

ஆட்டம் முடிந்து மணலில் கிடக்கும்போது தன் கிளப்புகளின் கதையைச் சொல்வார். முதல் கிளப் டப்ளினில், துறைமுகத்தை ஒட்டி. பச்சைச் சட்டை. தலையால் முட்டுவதில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லையாம். ஆனால் கிளப் நொடித்துப்போய் எல்லோரையும் அனுப்பிவிட்டது. கப்பலேறி ஸ்காட்லாந்து போய், இன்னொரு கிளப்பின் கதவைத் தானே தட்டினார். நீலச் சட்டை கொடுத்தார்கள். முழங்கால் திருகிக்கொண்டது, அது ஆறி வருவதற்குள் அவர் இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான். மூன்றாவது கிளப் இங்கிலாந்தில். அங்கேயும் தானே போய் நின்றார். முக்கால்வாசி நாள் இரண்டாவது டீமில், யாரும் பார்க்க வராத மைதானத்தில் ஆடவிட்டார்கள்.

"ஒரு நாளு மேனேஜர் கூப்ட்டான்," என்பார். "ரைட் கையில டீ. அதைக் கீழ வைக்கல. லெஃப்ட் கையைக் குடுத்து குட்லக் சொன்னான். அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். (அது சிரிக்கிற இடமில்லை என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.)

ஒரு நாள் எஞ்சின் கொட்டகையிலிருந்து என்னிடம் ஓடி வந்தார். மெட்ராஸில் ஒரு பெரிய கிளப், பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறது. யாரோ இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கிளப்பின் காரியதரிசி வேலூருக்கு வரும்போது, எங்கள் டீம் வேலூர் டவுன் டீமோடு ஆடுவதைப் பார்க்கப் போகிறார்.

"என்னைப் பாக்க வர்றாங்க சாமு. நான் போய்த் தட்டல. அவங்களே வர்றாங்க!"

அன்றிலிருந்து சாராயத்தைத் தொடவில்லை. முடி வெட்டிக்கொண்டார். (வெட்டிய விதத்தில் முள்ளங்கி இன்னும் முள்ளங்கியானது வேறு விஷயம்.)

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பழைய பந்து கருவேல முள்ளில் கிழிந்தது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. வேலூர்க்காரர்களிடம் நல்ல பந்து இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

"சீமைக்கே தோல் அனுப்புற ஊரு சார் இது. ஒரு பந்து செய்ய முடியாதா? நான் செய்றேன்."

"நீ தெச்ச செருப்பு மசூதித் தெருவைத் தாண்டல," என்றான் கரீம். "பந்தா தெக்கப் போறே?"

"செருப்பு வேற, பந்து வேற."

"ஆமாமா. செருப்பு பறக்கத் தேவையில்ல."

ரோஷம் வந்துவிட்டது. ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த தோல் ஒன்றை, மேஸ்திரி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பதம் வருவதற்கு முன்பே உருவினேன். மேல்தோலில்தான் பட்டைச் சாறு பிடித்திருந்தது; நடுவில் இன்னும் பச்சை. பளபளப்பு வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மீன் எண்ணெயை அழுத்தித் தேய்த்தேன். பழைய பந்தைப் பார்த்துத் துண்டு துண்டாக வெட்டித் தைத்தேன். உள்ளே காற்றுப் பையைத் திணித்து, வாயை வாரால் இழுத்துக் கட்டினேன். வார் முடிச்சு விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. பந்து ஒரு பக்கம் பார்த்தால் உருண்டை, மறுபக்கம் பார்த்தால் கத்திரிக்காய்.

துரை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு ஒரு தடவை சுருங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சோக்கா கீது சாமு," என்றார்.

வேலூர்க் கோட்டை மைதானத்தில் அவர்கள் தங்கள் பந்தை எடுத்து வந்தபோது துரை கையை ஆட்டி மறுத்துவிட்டார். "எங்க பையன் செஞ்ச பந்து இருக்குது. இதுலதான் ஆட்டம்." நான் கோட்டைச் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றேன். மெட்ராஸ் காரியதரிசி குடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தவை நாய்கள். மீன் எண்ணெய் வாசனை வேலூர் முழுக்கப் போயிருக்க வேண்டும். பந்து உருளும் இடமெல்லாம் அவையும் ஓடின. ஒன்று வாரைக் கவ்விக்கொண்டு அகழிப் பக்கம் இழுத்தது. அதைத் துரத்திய எங்கள் ஆட்டக்காரன் அன்று ஓடிய ஓட்டத்தை ஆட்டத்தில் ஒருநாளும் ஓடியதில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துரையும் சிரித்தார். அதுவரை பாதகமில்லை.

பிறகு மழை வந்தது. பச்சைத்தோல் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. குடித்துக் குடித்துப் பந்து பலாப்பழமாக ஊதியது. உதைத்தவனெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். நிறுத்திவிடலாம் என்று கரீம் கத்தினான். துரை கேட்கவில்லை. காரியதரிசி இன்னும் உட்கார்ந்திருந்தார் அல்லவா?

வேலூர்க்காரன் ஒருவன் முழுப் பலத்தோடு பந்தை மேலே தூக்கி உதைத்தான். அது இறங்கி வரும்போது துரை எம்பினார். டப்ளினில் எம்பியதுபோலவே எம்பியிருப்பார். நெற்றியில் பந்து மோதிய சத்தம், ஊறிய தோலைத் துறைக்கல்லில் அடிப்பதுபோல் கேட்டது. மல்லாந்து விழுந்தார்.

நான் ஓடுவதற்குள் எழுந்துவிட்டார். நெற்றியில் என் வார் முடிச்சு அப்படியே பதிந்து, ரத்தம் கசிந்தது. கண் மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. "டேனி! டேனி!" என்று கத்தினார். எங்கள் டீமில் ஏது டேனி? அவருடைய பழைய கிளப் ஆளாக இருக்க வேண்டும். பந்தைக் காலில் வாங்கி அந்தச் சேற்றில் அவர் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குறுக்கே வந்தவர்களை எல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஏமாற்றினார். கடைசியாக ஏமாந்தவன் நான். கையை விரித்துக்கொண்டு நின்ற கரீமைத் தாண்டி, எங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தார்.

மைதானமே அதிர்ந்தது. மரத்தின் மேல் இருந்தவன் சிரித்து விழுந்தேவிட்டான். துரை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். காதருகே இங்கிலீஷில் சொன்னார்: "இனிமே என்னை அனுப்ப மாட்டாங்க டேனி. இல்ல? அனுப்ப மாட்டாங்க."

மழையும் ரத்தமும் என் சட்டையில் வழிந்தன. "மாட்டாங்க," என்றேன். அவர் தோளுக்கு மேலே பார்த்தபோது, காரியதரிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு தெளிந்தது. ஆனால் ஆட்டம் மட்டும் துளியும் ஞாபகமில்லை.

"நானு எப்டி ஆடுனேன்?" என்று கேட்டார்.

கரீம்தான் சொன்னான்: "ஒரு கோல் போட்டீங்க சார்."

"நல்ல கோலா?"

"அந்த மாதிரி கோலை வேலூர் பாத்ததே இல்ல சார்."

முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் மெட்ராஸிலிருந்து ஆள் வரும் என்று காத்திருந்தார். ரயில் சத்தம் கேட்டால் எஞ்சின் கொட்டகை வாசலுக்கு வந்து நிற்பார். யாரும் வரவில்லை. தலைவலி அதிகமானது. எஞ்சின் சத்தம் தாங்கவில்லை என்று வேலையை விட்டார். ஊருக்கே திரும்பிப் போவதென்று முடிவானது.

ஆம்பூர் ஸ்டேஷனில் வழியனுப்ப நானும் கரீமும் போனோம். வண்டி வரும் நேரத்தில் துரை என்னைத் தனியே இழுத்தார்.

"சாமு, சாராயக்கடையில ஒருத்தன் சொன்னான். அந்தக் கோலு நம்ம கோலாமே?"

நான் தலையாட்டினேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. "என் பந்தாலதான் சார் எல்லாம் கெட்டுச்சு. நீங்க அவங்க பந்துலயே ஆடியிருக்கலாம்."

"நீ கஷ்டப்பட்டு செஞ்சியே," என்றார், அதிலென்ன கேள்வி என்பதுபோல. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் வலது கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் இன்னும் நடமாடுகிறது. மகன் இரவெல்லாம் கண்விழித்துப் பூகோளம் படித்துவிட்டுக் கணக்குப் பரீட்சைக்குப் போய் நின்றான். என் மனைவி எஸ்தர், சர்ச் விருந்துக்குப் பிரமாதமாகப் பிரியாணி செய்து வேறு தெருக் கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தாள். "இன்னா, முள்ளங்கி கோலா?" என்று யாராவது கேட்பார்கள், வீடே சிரிக்கும். பேரப்பிள்ளைகள் அது ஏதோ பழைய சமையல் வேடிக்கை என்று நினைத்திருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.