படத்தில் குழந்தையுடன் இருப்பவர்

காலை ஆறே முக்கால் மணிக்கு ஆஸ்டின் டவுன் மைதானத்தில் நான் முதலில் பார்த்தது நடிகரின் கால்களை. கட்-அவுட்டில் முழங்கால் வரைதான் அப்போது நிமிர்ந்திருந்தது. மீதி நடிகர் லாரியில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மார்பின் மேல் உட்கார்ந்து இரண்டு பேர் இட்லி சாப்பிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் ரசிகர் மன்றங்களின் மாநாடு. வாசல் வளைவில் நடிகரின் பெயர் கன்னடத்தில் பெரிதாகவும், அதற்குக் கீழே தமிழில் கூச்சத்தோடும் எழுதப்பட்டிருந்தது. பத்து மணிக்கு நடிகர் வருவார், மேடையில் உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவார் என்று அறிவித்திருந்தார்கள்.

நான் ரசிகன் அல்ல. ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். (பதவியைக் கேட்டு மயங்க வேண்டாம். என் பொறுப்பு காய்கறி விலையும் வானிலையும்.) வரிசையில் நிற்கக் காரணம் வசந்தி. அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு நிச்சயதார்த்தம். பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க பேப்பர்லதானே இருக்கீங்க. அவரு மாநாட்டுக்கு வராராம். ஒரு ஆட்டோகிராஃப் வாங்கித் தர முடியுமா?"

"அதெல்லாம் ஒரு விஷயமா" என்றேன், நடிகர் தினமும் என்னோடு டீ குடிப்பவர் போல.

மாநாட்டுக்கான பிரஸ் பாஸ் நிருபருக்குப் போனது. தக்காளி விலை எழுதுகிறவனுக்குப் பாஸ் எதற்கு என்று கேட்டார் செய்தி ஆசிரியர். நியாயமான கேள்வி. ஆகவே புது ஆட்டோகிராஃப் புத்தகத்தோடு இரண்டு கயிறுகளுக்கு நடுவே, விடிந்ததும் விடியாததுமாக நின்றேன். கயிற்றுக்கு வெளியே ஒரு கால் வைத்தால் போலீஸ்காரர் "லைனல்லி நில்ரீ" என்று லத்தியால் அந்தக் காலைச் சுட்டிக்காட்டினார்.

எனக்கு முன்னால் செல்வி என்ற பெண் கைக்குழந்தையோடு நின்றாள். ஸ்ரீராம்புரம். அவள் கணவன் குமார் அங்கே கிளை மன்றச் செயலாளர். குழந்தை பிறந்து பத்து மாதம் ஆகியும் பெயர் வைக்கவில்லை. தலைவர் கையால்தான் வைக்க வேண்டும் என்று குமார் பிடிவாதமாக இருந்தானாம். அப்போதெல்லாம் அது வழக்கம்தான். மேடையேறும் எந்தப் பிரபலமும் இறங்குவதற்குள் நாலைந்து குழந்தைகளுக்காவது பெயர் வைத்திருப்பார்.

"அதுவரைக்கும் என்னன்னு கூப்பிடறீங்க?"

"பாப்பான்னுதான். ரேஷன் கார்டுலகூட இன்னும் சேக்கல அண்ணா."

நடிகர் ஒன்றரை மணிக்கு வந்தார். வரிசை மேடைப் படியை நெருங்கியபோதுதான் செல்விக்குக் கணவன் ஞாபகம் வந்தது. குமார் தொண்டர் பேட்ஜ் குத்திக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவரு இல்லாம பேரு வெச்சா என்னைக் கொன்னுடுவாரு. ஒரு நிமிஷம் பாப்பாவப் புடிங்கண்ணா, கூட்டினு வந்துடறேன். சும்னே அழாது."

கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, காது குத்தி, சட்டை போட்டிருந்தார்கள். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. (பஸ்ஸில் யாராவது பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்றா கேட்போம்?)

காலையிலிருந்து ஆமையாக நகர்ந்த வரிசை அந்த நிமிடத்தில் ஓடத் தொடங்கியது. நடிகருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், தொண்டர்கள் இழுத்தார்கள். மூச்சு விட்டுப் பார்த்தபோது நான் மேடையில், நடிகருக்கு நேர் எதிரே, கையில் குழந்தையோடு நின்றேன். ஆட்டோகிராஃப் புத்தகம் அக்குளில் இருந்தது.

"பேரு வைக்கணுமா?" என்றார் நடிகர்.

இது என் குழந்தை இல்லை, இதன் பெற்றோர் வந்துகொண்டிருக்கிறார்கள், எனக்குத் தேவை ஒரு கையெழுத்து. இந்த மூன்று வாக்கியங்களும் என் மனதில் பிழையில்லாமல் உருவாயின. வாயிலிருந்து வந்தது "சார்."

குழந்தையை வாங்கிக்கொண்டார். "பையனா?"

"சார்."

அவர் மைக்கைப் பிடித்தார். "இந்தச் சிங்கக்குட்டிக்கு நான் வைக்கிற பேரு, செங்குட்டுவன்."

விசில் பறந்தது. பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது. அடுத்த கணம் நான் குழந்தையோடு மறுபக்கப் படியில் இறக்கிவிடப்பட்டிருந்தேன்.

கீழே செல்வியும் குமாரும் மூச்சிரைக்க நின்றார்கள். பெயரைச் சொன்னேன். செல்வி குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, இது பொண்ணு."

நான் குமாரைப் பார்த்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தலைவர் வாயால வந்துடுச்சு" என்றான்.

"யோவ், பொண்ணுய்யா. செங்குட்டுவன்னு எப்படிக் கூப்பிடறது?" என்றாள் செல்வி.

"வாயாலதான் கூப்பிடணும். நல்ல பேரு. போட்டும் வுடு."

வசந்தியின் அப்பா தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். அச்சில் வந்ததை மட்டும் நம்புகிறவர். சம்பந்தம் பேசியதிலிருந்து வீட்டில் இரண்டு தமிழ் நாளிதழ்கள் வாங்கினார்: மரியாதைக்காக எங்களுடையது, செய்திக்காகப் போட்டிப் பத்திரிகை. திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு பேப்பரும் பாத்தேன். உங்களுதுல தக்காளி விலை சரியா இருக்கு."

"சரிங்க."

"இன்னொண்ணுல நீங்க இருக்கீங்க."

மூன்றாம் பக்கம், மூன்று பத்தி அகலத்தில் படம். நடிகர், குழந்தை, குழந்தையைப் பரவசத்தோடு பார்க்கும் நான். (அது பரவசமல்ல, புத்தகத்தை எப்படி நீட்டுவது என்ற யோசனை.) கீழே, 'ரசிகர் ஒருவரின் ஆண் குழந்தைக்குச் செங்குட்டுவன் என்று பெயர் சூட்டினார். அருகில் குழந்தையின் தந்தை.'

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு அம்பது பேரக் கூப்பிட்டிருக்கேன். அவ்வளவு பேரும் அந்தப் பேப்பர்தான் வாங்கறாங்க. அதுக்குள்ள அச்சுல ஏதாவது வந்தா நல்லது."

வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. தரக் கட்டுப்பாட்டில் இருந்தவர். தேறாததைத் தனியே எடுத்து வைப்பார்.

போட்டிப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் மறுப்புக் கேட்டு நின்றேன். அங்கே செய்தி ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மொத்த அலுவலகத்தையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். புதன்கிழமை மறுப்பு வந்தது, ஒரே வாக்கியத்தில்:

'திங்கள்கிழமை வெளியான படத்தில் குழந்தையுடன் இருப்பவர், தான் அதன் தந்தை அல்ல என்று தெரிவித்துள்ளார்.'

என் தொழிலில் அதைவிடக் கச்சிதமான வாக்கியத்தை நான் படித்ததில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. திங்கட்கிழமை படத்தைக் கவனிக்காமல் விட்டவர்களும் புதன்கிழமை பழைய பேப்பரைத் தேடி எடுத்தார்கள்.

போன் அடித்தது.

"தம்பி, 'தெரிவித்துள்ளார்'னு போட்டிருக்கு. அப்படின்னா பேப்பர்காரன் பொறுப்பேத்துக்கல. நீங்க சொல்றீங்க, அவ்வளவுதான்."

வியாழக்கிழமை ஸ்ரீராம்புரத்துக்குப் போய், மன்றப் பலகையை அடையாளம் வைத்துக் குமாரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். விஷயம் புரிந்ததும் அவன் உள்ளே போய் மன்றச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். செல்வி, குழந்தையோடு நாங்கள் நான்கு பேரும் ஆட்டோவில் ஆஸ்டின் டவுனில் இருந்த வசந்தியின் வீட்டுக்குப் போனோம். வாசலில் இறங்கும்போது குழந்தை என் மடியில்தான் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"சார், இது என் கொழந்த" என்றான் குமார், உட்காரும் முன்பே. "மூக்கப் பாருங்க."

வசந்தியின் அப்பா கண்ணாடி போட்டு மூக்கைப் பார்த்தார். முதலில் குழந்தையுடையதை, பிறகு குமாருடையதை, பிறகு என்னுடையதையும். அன்று குழந்தைக்கு ரோஸ் நிறக் கவுன் போட்டிருந்தார்கள்.

"பேர் என்ன?"

"செங்குட்டுவன் சார்."

"பொண்ணு மாதிரி இருக்கே."

"பொண்ணுதான் சார். தலைவர் வெச்சது, மாத்தக் கூடாது."

வசந்தியின் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதையெல்லாம் யாராலயும் ஜோடிச்சுச் சொல்ல முடியாது. காபி சாப்பிடுங்க மாப்ளே."

அவர் என்னை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து வசந்தியின் குரல் வந்தது.

"அப்போ ஆட்டோகிராஃப்?"

நிச்சயதார்த்தத்துக்குக் குமார் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். மாமனார் ஏற்பாடு. விருந்தினர் ஒவ்வொருவரிடமும், "இவர்தான் தந்தை" என்று அறிமுகப்படுத்தினார்.

எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவர் மாமனார்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "மாப்ளே, இந்தத் தடவை ஏதாவது தெரிவிக்கணுமா?" இன்றும் வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், 'அவர் இல்லை என்று தெரிவித்துள்ளார்' என்பதுதான் பதில். என் மகள் பேசப் பழகிய புதிதிலேயே அதை மழலையில் சொன்னாள். வசந்தி அந்த ஆட்டோகிராஃப் புத்தகத்தில் பால் கணக்கு எழுதித் தீர்த்துவிட்டாள்.

சென்ற மாதம் வீட்டுக் கடன் விஷயமாக ஒரு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் ஓர் இளம்பெண் எழுந்து, "வாங்க மாமா" என்றாள். மூக்கில் சந்தேகமே இல்லை. மேசை மேல் பித்தளைப் பெயர்ப் பலகை இருந்தது: கே. செங்குட்டுவன்.