நாகவல்லிக்கு நான் எழுதிய இடுப்பு வலி

என் கதாநாயகி சுதா பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பதினெட்டு நாளாக நின்றுகொண்டிருந்தாள்.

நிறுத்தியவன் நான்தான். ‘கதைக்கூடம்’ என்று செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது. அதில் தொடர்கதை எழுதுகிறேன். நிஜப் பெயர் வெற்றிச்செல்வன், திருமழிசை எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு செய்கிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆப்பில் நான் கரையான்சாவடி கவின். மொத்த வாசகர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மாதக் கடைசிக்குள் நாற்பது அத்தியாயம் முடித்தால் கதை போட்டிக்குப் போகும். ஜெயித்தால் அச்சுப் புத்தகம். அட்டையில் என் பெயர், பின்னால் என் போட்டோ. நாற்பத்தாறு வயதில் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான்.

முப்பத்தேழாவது அத்தியாயத்தில் சுதாவின் கையில் ஒரு பையைக் கொடுத்து பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினேன். அதோடு எனக்கு எல்லாம் நின்றுவிட்டது. ஒரு வரி வரவில்லை. வாசகர்கள் முதல் வாரம் பாராட்டினார்கள். இரண்டாம் வாரம் பதறினார்கள். மூன்றாம் வாரம் ஒருவர், “அந்தப் பொண்ணுக்கு ஒரு ஷேர் ஆட்டோவாவது புடிச்சுக் குடுங்க சார்” என்று எழுதியிருந்தார்.

எப்படி வரும்? காலையில் போனைத் திறந்து, ‘சுதாவின் விழிகளில்’ என்று ஆரம்பிப்பேன்.

“இன்னாங்க, மோட்டார் போட்டீங்களா?”

இது என் மனைவி நாகவல்லி.

“போட்டேன்.”

“ஆஃப் பண்ணீங்களா?”

எழுந்து போய் ஆஃப் பண்ணிவிட்டு வந்தால் சுதாவின் விழிகள் எங்கே என்று தெரியாது. அப்புறம் காஸ், கறிவேப்பிலை, குடியிருப்போர் சங்கக் கூட்டம், குப்பை வண்டிக்காரரோடு சமாதானப் பேச்சு. கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு. எட்டாம் நம்பர் போல்ட்டில் எண்ணூறு குறைகிறது என்று மேனேஜர் ஜெயராமன் என்னைப் பார்த்த பார்வையில் என் கற்பனையில் மிச்சமிருந்ததும் குறைந்துபோனது.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். பதினைந்து நாள் லீவு. கம்பெனிக்கும் போகக் கூடாது, வீட்டிலும் இருக்கக் கூடாது. வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூந்தமல்லியில் என் நண்பர் நூர் முகமது பாயின் தையல் கடை மாடியில் உட்கார்ந்து எழுதுவது. நாகவல்லிக்கு நான் கம்பெனியில். கம்பெனிக்கு நான் வீட்டில். சுதாவுக்கு மட்டும் நான் அருகில். நினைக்கும்போதே உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது.

ஆனால் ஸ்டாக் எடுக்கிற நேரத்தில் பதினைந்து நாள் யார் கொடுப்பார்கள்? எனக்குக் காய்ச்சல் என்றால் ரெண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார் ஜெயராமன். அதனால் மனைவியைப் பாத்ரூமில் விழவைத்தேன். காகிதத்தில்தான்.

என்ன ஆச்சரியம் பாருங்கள். பதினெட்டு நாளாக ஒரு வரி வராத கை, லீவு லெட்டருக்கு மூன்று பக்கம் ஓடியது. என் மனைவிக்கு இடுப்பில் பலத்த அடி. பதினைந்து நாள் அசையக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ‘ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவள் தன் கையால் எடுக்கலாகாது. நானே சமைத்து, நானே துவைத்து, நானே பாத்திரம் துலக்கி, நானே அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டிய நிலையில் இருக்கிறேன். பத்தொன்பது வருடம் எனக்காக நின்ற கால்கள் ஐயா அவை.’ கடைசி வரியை எழுதிவிட்டு நானே இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

ஜெயராமன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டார்.

பாய் கடை மாடியில் முதல் நாள், ‘சுதாவின் விழிகளில்’ என்று எழுதினேன். இரண்டாம் நாள் விழிகளை அடித்துவிட்டு ‘இமைகளில்’ என்று போட்டேன். மூன்றாம் நாள் பாய் வீட்டுப் பிரியாணி வந்தது. சாப்பிட்டதும் என் இமைகளே மூடிக்கொண்டன.

“இன்னா மச்சான், கதை வருதா?” என்று கீழேயிருந்து கேட்டார் பாய்.

“வருது பாய், வாசல் வரைக்கும் வந்துகினு கீது.”

அப்போது போன் அடித்தது. ஜெயராமன்.

“வெற்றி, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான் சார். அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன்.”

“அப்படியா. நானும் உங்க வீட்லதான் இருக்கேன். ஸ்டாஃப் எல்லாம் சேர்ந்து பழம் வாங்கிக் குடுத்தாங்க, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே சொன்னேன்.

“கஞ்சி தீந்துடுச்சு சார். அரிசி வாங்க ஒரு நிமிஷம் வெளிய வந்தேன்.”

பூந்தமல்லியிலிருந்து கரையான்சாவடிக்கு வண்டியில் நான் அன்றைக்கு வந்த வேகத்தில் இதுவரை யாரும் வந்திருக்க மாட்டார்கள். வேலை போகும். ஒரு பக்கம் அது. நாகவல்லியிடம் பொய் சொன்னது தெரிந்துபோகும். அந்தப் பக்கத்தை நினைத்தால் வேலை போவதே தேவலை என்று இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் நாகவல்லி மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை. நெற்றியில் ஈரத்துணி. பக்கத்து நாற்காலியில் ஜெயராமன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டீங்களா,” என்றாள் ஈனசுரத்தில். “சார்தான் என்னைத் தாங்கினு வந்து படுக்க வெச்சாரு. கதவத் தொறக்க நானே எழுந்துட்டேன். தப்புதான்.”

“ஏம்மா எழுந்தீங்கன்னு நானும் கேட்டேன்,” என்றார் ஜெயராமன். “வெற்றி, அந்த லெட்டரைக் காட்டினேன். அம்மா முழுசாப் படிச்சாங்க. ரெண்டு தடவை.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ்ளோ உருக்கமா எழுதிக்கீறாரு சார்,” என்றாள் அவள், என்னையே பார்த்தபடி. “நானே தலை பின்னுறேன்னு எழுதிக்கீறாரே, அங்கதான் எனக்குத் தாங்கல.”

ஜெயராமன் எழுந்தார். “நான் திருவேற்காட்ல இருந்து தினமும் இந்தப் பக்கமாத்தானே போறேன். காலையில ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போறேன்மா.”

அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் நான் கும்பிட்டேன். “நாகு, நீ தெய்வம். என்னக் காப்பாத்திட்ட. எழுந்திரு, சூடா ஒரு டீ போடு.”

“டாக்டர் எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு.”

“எந்த டாக்டர்?”

“நீங்க எழுதுன டாக்டர்.”

“வெளையாடாத.”

“சரி, எழுந்துக்கறேன். நாளைக்குக் காலையில சார் வரும்போது வாசல்ல நின்னு கோலம் போடறேன். போடட்டா?”

நான் டீ போட்டேன்.

மறுநாள் முதல் அந்த லெட்டர்தான் எங்கள் வீட்டுச் சட்டம். ஜெயராமனிடமிருந்து அதைத் தன் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். நான் ஏதாவது மறுத்தால் போதும், பக்கம் எண்ணோடு படித்துக் காட்டுவாள்.

“ரெண்டாம் பக்கம். நானே துவைத்து.”

“மெஷின் இருக்கே நாகு.”

“மெஷின்னு எழுதலியே.”

துவைத்தேன். மாவு அரைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். தலை பின்னினேன். முதல் நாள் பின்னலைப் பார்த்த ஜெயராமன், “அம்மாவுக்குத் தலையிலயும் அடியா?” என்று கேட்டார். மோட்டாரை நானே போட்டு, ஆஃப் பண்ணினாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவளோ சாய்ந்து படுத்துக்கொண்டு என் தொடர்கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கால்மேல் கால் போட்டுப் படிப்பதைப் பார்த்தபோது கோபம் வர வேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. அது வந்த வேகத்திலேயே சாம்பார் பொங்கிவிட்டதால் போய்விட்டது.

லீவில் பத்தாவது நாள். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

“இன்னாங்க, முப்பத்தேழு முடிச்சிட்டேன். இந்தப் பொண்ணு ஏன் பஸ் ஸ்டாண்டுல நிக்குது?”

“அவள் வாழ்க்கையின் நாற்சந்தியில் நிற்கிறாள்.”

“அதெல்லாம் உடுங்க. அதுக்கு இன்னா வேணும்?”

யோசித்தேன். முப்பத்தேழு அத்தியாயம் எழுதியவன் இதை யோசித்ததே இல்லை.

“ஊட்டுக்குப் போவணும். ஆனா ஊட்ல ஒரு பொய் சொல்லிட்டு வந்துட்டா. இப்ப போய் இன்னா சொல்றதுன்னு தெரியல.”

“அவ்ளோதானா? உங்களுக்கு லீவு வேணும்னு இருந்துச்சு, மூணு பக்கம் எழுதுனீங்க. விழி, இமைன்னு எதுனா போட்டீங்களா? அந்தப் பொண்ணையும் பையைக் கீழ வெச்சிட்டு ஊட்டுக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க.”

கையிலிருந்த கடாய் தொட்டியில் விழுந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சோப்பு நுரையோடு போனை எடுத்தேன். சுதா பையைக் கீழே வைத்தாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். ‘அம்மா, நான் வேலைக்குப் போகவில்லை.’ அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஓடியது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. ரசத்தில் உப்புப் போட்டேனா, ரெண்டு தடவை போட்டேனா, தெரியாது. மிக்ஸியின் மேல் போனை வைத்துக்கொண்டு, கீரையை ஆய்ந்துகொண்டு, ஒரு கையால் எழுதினேன். நாலு நாளில் மூன்று அத்தியாயம். பதினான்காம் நாள் சுதாவை வீட்டு வாசலில் கொண்டுபோய்விட்டு, கதைக்கு முற்றும் போட்டேன்.

வாசகர்கள் கொண்டாடினார்கள். ஷேர் ஆட்டோ கேட்டவர், “சார், அழுதுட்டேன்” என்று எழுதினார். கதை போட்டிக்கும் போய்விட்டது. நான் துள்ளிக் குதித்து நாகவல்லியிடம் ஓடினேன்.

“நாகு, முடிச்சிட்டேன்.”

“படிச்சேன். நல்லாக்கீது. துணி காயப் போட்டீங்களா?”

அன்று இரவு தூக்கமே வரவில்லை. புத்தக அட்டையில் எந்தச் சட்டையோடு நிற்பது என்று யோசித்தபடியே கிடந்தேன்.

ஒன்றாம் தேதி காலை சீக்கிரமே குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, பேனா செருகிக்கொண்டு நின்றேன். கம்பெனி இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நாகவல்லி எழுந்திருக்கவில்லை.

“லீவு முடிஞ்சிடுச்சு நாகு. டாக்டரும் போயிட்டாரு. எழுந்திரு.”

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இன்னிக்குக் கம்பெனிக்குப் போவேணாங்க.”

“ஏன்?”

போன் அடித்தது. ஜெயராமன்.

“வெற்றி, நேத்து வாட்ஸப்ல நீங்க அனுப்பின லெட்டர் கெடச்சுது. கம்பெனியே படிச்சு அழுதுச்சு. மொதல் லெட்டர் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இது வேற மாதிரி. எழுத்து மெருகேறிக்கிட்டே போகுது உங்களுக்கு. இன்னும் பதினஞ்சு நாள் சாங்ஷன் பண்ணிட்டேன். அம்மாவைப் பார்த்துக்கோங்க.”

அவசரமாக வாட்ஸப்பைத் திறந்தேன். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் போனிலிருந்து போயிருந்தது. மொத்தமே ஆறு வரி. ஒரு விழி இல்லை, ஒரு இமை இல்லை. படித்தபோது எனக்கே அவள்மேல் பரிதாபம் வந்தது. நான் முப்பத்தேழு அத்தியாயம் தேடிய நடை அந்த ஆறு வரியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

கடைசி வரி இப்படி இருந்தது: ‘அவளுக்குத் துணையாக அவள் தாயாரும் இரண்டு தங்கைகளும் ஆவடியிலிருந்து வந்து தங்குகிறார்கள்; அவர்களுக்கும் சேர்த்து நானே சமைக்க வேண்டியுள்ளது.’

“எழுத்தெல்லாம் சரி,” என்றேன். “கடைசி வரிதான் கொஞ்சம் ஓவர் நாகு. நம்பற மாதிரி இல்ல.”

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெட்டிகள் இறங்குகிற சத்தம் கேட்டது.

“போய்க் கூட்டினு வாங்க,” என்றாள் நாகவல்லி. “உங்கள மாதிரி நான் லெட்டர்ல பொய் எழுத மாட்டேன்.”