நான் அடிச்ச ஹாரனும் ஓடிப்போன ஆண்டு விழாவும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போய் அஞ்சு நிமிஷம் சத்தம் போட்டுட்டு வர்றது.

அவ்ளோதான். இதைக்கூட ஒழுங்கா பண்ணத் தெரியாதவன்தான் இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

வழக்கமா பெத்தவங்களுக்கு மியூசிக்கல் சேர் வைப்பாங்க, இல்லன்னா ஸ்பூன்ல எலுமிச்சம்பழம். நானும் வருஷா வருஷம் முதல் சுத்துலயே அவுட்டாகி, கௌரவமா ஓரமா போய் உக்காந்துக்குவேன். இந்த வருஷம் ஹெச்.எம். மேடத்துக்குப் புதுசா ஒரு யோசனை. வாட்ஸப்புல மெசேஜ் வந்துச்சு.

"பெற்றோருக்கான போட்டி. வாயால் எழுப்பும் சத்தங்களை மட்டும் வைத்து ஒரு குட்டிக்கதை சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது."

படிச்சுட்டு, எவன் போவான் இதுக்குன்னு சிரிச்சேன்.

நான்தான் போறேனாம். என் பேரு ஏற்கெனவே குடுத்தாச்சாம். குடுத்தது நாலாவது படிக்கிற என் பொண்ணு யாழினி.

"ஏன்மா இப்படி?"

"தர்ஷன் சொல்றான்ப்பா, ஒங்கப்பாவுக்கு ஜெராக்ஸ் எடுக்கறதத் தவிர என்னா தெரியும்னு. எங்கப்பா எல்லா சத்தமும் போடுவாருடான்னு கிளாஸ்ல சொல்லிட்டேன்."

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். தர்ஷன் சொன்னதுல தப்பு எதுவும் இருக்கறதா எனக்குத் தெரியல. ஆனா புள்ள மூஞ்சியப் பாத்தா அப்படிச் சொல்ல மனசு வரல.

"தர்ஷன் சிரிக்கக் கூடாதுப்பா. அவன் சிரிச்சான்னா நான் ஸ்கூலுக்கே போவமாட்டேன்."

ஆக, நாலாங்கிளாஸ்ல ஒருத்தியோட மானம் என் வாயில. இந்த வாயை நம்பி யாரும் இதுவரைக்கும் ஒரு கிலோ வெங்காயம்கூட பேரம் பேச அனுப்புனது இல்ல.

கதை தயார் பண்ணேன். பெரிய காவியம் எல்லாம் இல்ல. ஒருத்தன் தூங்குறான், குறட்டை. சேவல் கூவுது. வீட்டுல குக்கர் விசில் அடிக்குது. அவசரமா குளிக்கிறான். பஸ் ஹாரன் கேக்குது. ஓடுறான். கண்டக்டர் விசில் ஊதுறாரு. பஸ் போயிடுது. நாய் குரைக்குது. முடிஞ்சுது.

வீட்டுலயே பயிற்சி ஆரம்பிச்சேன். முதல் நாளே என் மனைவி செல்வி கரண்டியோட வெளிய வந்தா.

"மூணு விசிலுக்கு அடுப்ப அணைச்சேன். தொறந்து பாத்தா பருப்பு கல்லாட்டம் கெடக்குது. அதுல எத்தினி விசிலு நீங்க?"

"ரெண்டு," அப்படின்னேன்.

கோவத்துல அவ முறைச்ச முறைப்பு ஒரு பக்கம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி. பத்து வருஷமா குக்கரோட பழகுறவளையே ஏமாத்திட்டோம்னா நம்ம லெவலே வேறன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி வெறும் ரசம்தான். கலைஞன் கஷ்டப்படத்தான் செய்வான்.

அடுத்தது ஹாரன். இங்கதான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுது.

அரியலூர் ரோட்டுல இருந்து உள்ள பிரியுற கிராமம் எங்களுது. அந்தப் பக்கத்துக்கு சாயங்காலம் ஒரே ஒரு பிரைவேட் பஸ். அஞ்சு மணி பஸ்ஸுன்னு பேரு. அது அஞ்சு மணிக்கு வந்ததா சரித்திரமே கிடையாது. நாலரைக்கும் வரும், அஞ்சரைக்கும் வரும். அதை விட்டா எட்டு மணிக்கு மேல ஒண்ணு. அதுவும் டிரைவர் மனசு வச்சாத்தான்.

அதனால எங்க ஆளுங்க யாரும் மணி பாத்து பஸ்ஸுக்குப் போறதில்ல. காதை வச்சுத்தான் பயணம். தூரத்து வளைவுலயே டிரைவர் அவருக்குன்னு ஒரு மெட்டுல ஹாரன் அடிப்பாரு. பாஆஆம்... பபபாம்... பீப்பீ பாம்! அதைக் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடணும். நின்னு யோசிச்சா போச்சு. கல்யாணப் பந்தியில பாயசத்தைப் பாதியில விட்டுட்டு ஓடுனவங்களை நானே பாத்திருக்கேன். அதுல ஒருத்தரு மாப்பிள்ளையோட சித்தப்பா.

இதெல்லாம் தெரிஞ்ச ஒரு மனுஷன் என்ன பண்ணணும்? உலகத்துல ஆயிரம் ஹாரன் இருக்கு, அதுல ஏதோ ஒண்ணை அடிச்சுட்டுப் போகணும்.

நான் வாரம் பூரா கடையில உக்காந்து அந்த அஞ்சு மணி பஸ் ஹாரனையே பழகுனேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தரு ஆதார் கார்டை மெஷின்லயே விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஓடுனாரு. அப்பவாவது புத்தி வந்திருக்கணும். வரல. பெருமைதான் வந்துச்சு.

விழா அன்னிக்கு ஸ்கூல் மைதானத்துல ஷாமியானா போட்டிருந்தாங்க. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு, அதுலதான் பஸ் ஸ்டாப். ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டுல ஒண்ணை மேடை பக்கமும், இன்னொண்ணைக் கூட்டத்துக்குப் பின்னாடி, ரோட்டுப் பக்கம் காம்பவுண்டு ஓரமாவும் வச்சிருந்தாங்க.

மூணு மணிக்கு என் முறைன்னாங்க. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிச்சாரு. ரிட்டயர்டு ஆபீசர் அவரு. பேச்சை முடிக்கிறப்ப நாலரை ஆயிடுச்சு. கூட்டத்துல முக்காவாசி எங்க ஊரு பக்கத்து ஜனங்க. பையை மடியில வச்சுக்கிட்டு, ஒரு காதை ரோட்டு மேல வச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தாங்க.

மேடை ஏறுனேன். முதல் வரிசையில யாழினி, ரெண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்கா. பக்கத்துல தர்ஷன், சிரிக்கறதுக்கு ரெடியா.

குறட்டை விட்டேன். கைத்தட்டல். சேவல் கூவுனேன். விசில் பறந்துச்சு. குக்கர் விசில் அடிச்சதும் பொம்பளைங்க பக்கம் ஒரே சிரிப்பு. தர்ஷன் வாயைப் பொளந்துட்டான். யாழினி அவனை ஒரு பார்வை பாத்தா பாருங்க!

எனக்குத் தலைகால் புரியல. மைக்கை வாய்க்குள்ளயே போற மாதிரி பிடிச்சுக்கிட்டேன். மூச்சை இழுத்தேன்.

பாஆஆம்... பபபாம்... பீப்பீ பாம்!

ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. கைத்தட்டலுக்கு முன்னாடி வர்ற அமைதின்னு நெனச்சேன்.

"அய்யய்யோ, பஸ்ஸு!"

நடு வரிசையில ஒயர் கூடையோட ஒரு அக்கா எந்திரிச்சாங்க. அவ்ளோதான். வரிசை வரிசையா எந்திரிச்சாங்க. நாற்காலி சரியுது. "ஏ, புள்ளையத் தூக்கு!" "செருப்பு எங்கடி?" "செருப்பு கெடக்குது, வா!" அடுத்த ஐட்டம் மயில் டான்ஸ். மேடைக்குப் பக்கத்துல நின்ன ஆறு மயில்ல நாலை அவங்கவங்க அம்மாமாரு இடுப்புல தூக்கிட்டு ஓடுனாங்க. போன வழியெல்லாம் தோகை.

எந்த மடையனா இருந்தாலும் இந்த இடத்துல மைக்கைக் கீழ வச்சிருப்பான்.

நான் நெனச்சேன், ஆஹா, கதைக்குள்ளயே போயிட்டாங்கப்பா! கதையில அடுத்தது என்ன? கண்டக்டர் விசில். நல்லா அழுத்தி ஊதுனேன்.

எந்திரிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்த மிச்சப்பேரும் அதைக் கேட்டு ஓடிட்டாங்க.

மைதானத்துல மீந்தது டவுன்காரங்க கொஞ்சம் பேரு, ரெண்டு மயிலு, சிறப்பு விருந்தினர். அவரு நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, "என்னம்மா, எங்கயாவது தீ புடிச்சுக்கிச்சா?"ன்னு ஹெச்.எம். மேடத்தைக் கேக்குறாரு.

மேடம் என்கிட்ட வந்தாங்க. சிரிச்ச முகமாவே சொன்னாங்க. அதுதான் பயமா இருந்துச்சு.

"சார், பரிசு குடுக்கணும், மயில் ஆடணும். நீங்கதான விரட்டுனீங்க? நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க."

பஸ் ஸ்டாப்புக்கு ஓடுனேன். அங்க ஜனமெல்லாம் டிரைவரைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. எங்க ஊரு கலியமூர்த்தி அண்ணன் கண்டக்டருக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சிருக்காரு.

"ஏன்யா நிறுத்தாமப் போனீங்க?"

"அண்ணே, நாங்க இன்னும் பஸ் ஸ்டாண்ட வுட்டே கெளம்பல."

"பொய் சொல்லாத தம்பி! ஊரே காதால கேட்டுச்சு!"

நான் மெதுவா தொண்டையைச் செருமுனேன். "அண்ணே, அது நாந்தாண்ணே."

அண்ணன் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "ஒன்னையப் பாத்தா பஸ்ஸு மாரியா இருக்குது?"

நிரூபிக்கணும்ல? நட்ட நடு ரோட்டுல நின்னு அடிச்சுக் காட்டுனேன். பாஆஆம்... பபபாம்... பீப்பீ பாம்!

சுத்தி நின்னவங்க பஸ் வருதான்னு ரோட்டைத் திரும்பிப் பாத்தாங்க. போன்ல கண்டக்டர், "அண்ணே, அங்க எந்த வண்டி நிக்குது?"ன்னாரு.

அதுக்கப்புறம் ஜனங்க பேசுனதை இங்க எழுத முடியாது. எழுதற மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஒயர் கூடை அக்கா கேட்டது. "ஏங்க, ஒங்களுக்கு வேற சத்தமே கெடைக்கலீங்களா?"

கெஞ்சிக் கூத்தாடி கூட்டிட்டு வந்தேன். "பஸ்ஸு வந்தா ஹாரன் கேக்கும்லண்ணே, நிம்மதியா உக்காருங்க," அப்படின்னு கேரண்டி வேற குடுத்தேன். என் வாய் இருக்கே.

எல்லாரும் வந்து உக்காந்ததும் மயிலுங்க மிச்சமிருந்த தோகையோட ஆடி முடிச்சுது. போட்டியில முதல் பரிசு எனக்குன்னு அறிவிச்சாங்க. மொத்தமே ஒரு ஆள்தான் கலந்துக்கிட்டதுங்கறதை நாகரிகமா விட்டுட்டாங்க. சிறப்பு விருந்தினர் ஒரு ஹாட்பாக்ஸை என் கையில குடுக்குறாரு, நான் போட்டோவுக்குச் சிரிக்கிறேன்.

பாஆஆம்... பபபாம்... பீப்பீ பாம்!

ரோட்டுல இருந்து.

மொத்தக் கூட்டமும் என்னைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. எவனும் எந்திரிக்கல.

"நான் இல்லீங்க!" அப்படின்னு கத்துனேன்.

"பாரேன், வாயே அசையாம அடிக்கிறான்!" அப்படின்னு பின்னாடி ஒருத்தரு ஆச்சரியப்பட்டாரு. கைத்தட்டல்.

"அய்யா, நெசமான பஸ்ஸுங்க! ஓடுங்க!"

"போதும்ப்பா போதும், பரிசுதான் குடுத்தாச்சே," அப்படின்னு சிறப்பு விருந்தினர் என் தோளைத் தட்டுறாரு.

திரும்ப ஒரு ஹாரன். அதுக்கும் கைத்தட்டுனாங்க. கண்டக்டர் விசில். அதுக்கு இன்னும் பெருசா தட்டுனாங்க. நான் சொந்தமா வாங்குனதைவிட பஸ் வாங்குன கைத்தட்டல் ஜாஸ்தி.

கொஞ்ச நேரத்துல கலியமூர்த்தி அண்ணன் போன் அடிச்சுது. இப்பவும் ஸ்பீக்கர்லதான் எடுத்தாரு.

"அண்ணே, எங்க போனீங்க? ஸ்டாப்புல ஈ காக்கா இல்ல. ரெண்டு தடவ அடிச்சுப் பாத்துட்டுக் கெளம்பிட்டோம்ணே."

எல்லாத் தலையும் மெதுவா என் பக்கம் திரும்புச்சு. கையில ஹாட்பாக்ஸ் இருந்ததால கும்பிடக்கூட முடியல.

யாழினியைப் பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஷூ லேஸைப் பாத்துக்கிட்டு இருந்தா. தர்ஷனும் எங்க ஊரு பக்கம்தான், அவன் அம்மாவும் பஸ்ஸை விட்டவங்கதான். மத்தவங்க திட்டுனது எனக்கு உறைக்கல. புள்ள தலை குனிஞ்சதுதான் வலிச்சுது.

கல்யாண வேன் ஓட்டுற செந்தில் எனக்குப் பழக்கம். போன் பண்ணதும் வந்துட்டான். கடைசி பஸ்ஸுக்கு இருந்துக்கறோம்னு நெறையப் பேரு சொல்லிட்டாங்க. என்னோட வர பயம். மிச்சப்பேரை ஏத்தி அடைச்சோம். யாழினி டிரைவர் பக்கத்துல போய் உக்காந்தா. என்னை ஒட்டாம.

கிளம்புறப்ப செந்தில் தலையைச் சொறிஞ்சான். "அண்ணே, ஹாரன் காலையிலேருந்து வேல செய்யல. மெக்கானிக்கிட்ட வுட்டுருந்தேன், அவசரம்னீங்கன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

வேன்ல இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல என்னைப் பாத்தாங்க.

"என்னாத்துக்கு யோசிக்கிற? தலைய வெளிய நீட்டு," அப்படின்னாரு கலியமூர்த்தி அண்ணன்.

முன்னாடி ஜன்னலோரம் உக்காந்து தலையை நீட்டி, அதே அஞ்சு மணி பஸ் ஹாரனை அடிச்சேன். ரோட்டுல மக்காச்சோளம் காயப்போட்டவங்க விலகுனாங்க. ஆட்டு மந்தை விலகுச்சு. சுண்ணாம்புக்கல் ஏத்துன லாரி ஒண்ணு என்னை மதிச்சு ஓரங்கட்டுச்சு. என் சொந்தக்காரங்களே எனக்கு அவ்ளோ மரியாதை குடுத்தது கிடையாது. மூணாவது வளைவு வர்றதுக்குள்ள பின் சீட்டுல பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"அங்கிள், இன்னொரு தடவ!" குரல் தர்ஷனோடது.

யாழினி தலையைத் தூக்கி, கொஞ்சமா என் பக்கம் நகந்து உக்காந்தா.

எங்க ஊருக்கு முந்தின ஸ்டாப்புல, சின்ன வெங்காய மூட்டையோட நின்ன ஒரு பெரியவரு கையைக் காட்டி வேனை மறிச்சாரு. மூச்சு வாங்க ஓடி வந்து உள்ள எட்டிப் பாத்தாரு.

"நல்லவேள, பஸ்ஸு போயிடுச்சோன்னு பயந்துட்டேன். ஹாரன் சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன். இது அஞ்சு மணி பஸ்ஸுதானேப்பா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள யாழினி என்னைத் தாண்டி ஜன்னல் வழியா எட்டி, பின் சீட்டு வரைக்கும் கேக்கற மாதிரி கத்துனா.

"இது பஸ்ஸு இல்லீங்க தாத்தா. எங்கப்பா!"