பதினொரு வயதுத் தகப்பன்

கலியாணப் பேச்சு என்று வந்துவிட்டால் “ஆர் ஆக்கள்? எந்தப் பகுதி?” என்று விசாரிக்காமல் எங்கள் சனத்துக்குச் சோறு இறங்காது. ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த வியாதி மாறவில்லை. எனக்கு அது கொஞ்சம் முற்றியே இருந்தது.

கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் என் அக்காவின் மகள் ஆரணி, லூக் என்ற பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். கியூபெக்கில் பிறந்த பிரெஞ்சுக் கனடியன், பக்கத்து நகரமான எசனில் வேலை. தங்கமான பிள்ளை. ஆனாலும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை.

“தம்பி, கனடாவில எங்கட சனம் எண்டால் ஒரு போன் எடுத்து விசாரிக்கலாம். இதுகளைப் பற்றி ஆரிட்டக் கேக்கிறது?”

“நான் பாக்கிறன் அக்கா. பழைய குடிசன மதிப்பீடு எல்லாம் கொம்பியூட்டரில கிடக்கு” என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!)

இரண்டு மாதம், வேலை முடிந்து வந்து அதிலேயே கிடந்தேன். கணக்கெடுக்கப் போனவரின் எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. ஒரு மனுசிக்குப் பத்து வருடத்தில் ஏழு வயதுதான் கூடியிருந்தது. அதைப் பார்த்தும் இந்த மண்டைக்குச் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் அந்தக் குடும்பம் அகப்பட்டது. தகப்பனுக்கு வயது முப்பத்தொன்று, மூத்த மகனுக்கு இருபது. அந்த மகன்தான் லூக்கின் தாயார் மோனிக்கின் தாத்தா. பதினொரு வயதில் பிள்ளை பெற ஏலுமா? பிள்ளை வேறு யாருடையதோ என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன்.

நிச்சயதார்த்த விருந்துக்கு மோனிக் கியூபெக்கில் இருந்து வந்திருந்தார். நாலடி நீளத்தில் அச்சடித்த வம்ச வரைபடத்தை விரித்து, மைக்கைப் பிடித்து, என் கண்டுபிடிப்பை ஜெர்மனில் முழங்கினேன். பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த லூக் பாதியில் நிறுத்திவிட்டான். தாயார் அவன் கையைப் பிடித்துக் கேட்க, மெல்லச் சொன்னான். அவர் முகம் வெளிறிப்போனது.

“அம்மாவை வளர்த்ததே அந்தத் தாத்தாதான்” என்றான் லூக் என்னிடம்.

“எனக்கென்ன தெரியும்? அரசாங்கப் பேப்பரில கிடக்கு!” என்றேன் ஆரணியைப் பார்த்து.

அவள் எழும்பினாள். “மாமா, உங்கட பாஸ்போட்டில பிறந்த திகதி என்ன? அம்மாவின்ர என்ன? இடையில மூண்டு மாதம்! ஒரு தாய்க்கு மூண்டு மாதத்தில அடுத்த பிள்ளை பிறக்குமோ? அதுவும் அரசாங்கப் பேப்பர்தானே?”

மண்டபமே சிரித்தது. அகதியாக வந்தபோது ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்த திகதியை நான் ஓர் ஊரில் கொடுத்தேன். வேறோர் ஊரில் அக்கா தன் வாயில் வந்ததைக் கொடுத்தா. ஒருவரும் கேட்கவில்லை. இப்படிப் பொய்த்திகதியோடு முப்பது வருடம் வாழ்கிறவன், கடதாசியை நம்பி ஒரு செத்த மனுசனின் பிறப்பைச் சந்தேகித்திருக்கிறேன். வெட்கக்கேடு! சிரிக்காமல் இருந்தவர் மோனிக் மட்டுந்தான்.

மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை” என்றார். ஆனாலும் ஊர் திரும்பியதும் மாதா கோயில் பதிவு கேட்டு எழுதிப் போட்டார். ஞானஸ்நானப் பதிவின்படி கணக்கெடுத்த வருடத்தில் தகப்பனுக்கு நாற்பத்தொரு வயது, மகன் அவருடைய சொந்தப் பிள்ளை. கணக்கெடுத்தவர் பத்து வயதை விழுங்கியிருந்தார்.

இப்போது எங்கள் வட்டாரத்தில் என் பெயர் ‘மூண்டு மாதத் தம்பி’. கலியாணம், பிறந்தநாள், எதற்குப் போனாலும் லூக் இந்தக் கதையைத் தன் புதுத் தமிழில் எடுத்துவிடுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானுந்தான்.

அந்தத் தாத்தாவின் கடைசி மகள் விருந்து நடந்தபோது உயிரோடு இருந்தார், தொண்ணூறு கடந்தவர். என் கண்டுபிடிப்பு எப்படியோ அவர் காதுக்கும் போய்விட்டது. “கடதாசி வந்துவிட்டதா? அப்பா எங்கள் ஆள்தானே?” என்று மோனிக்கை நாளும் போனில் கேட்டாராம். பதிவின் பிரதி வந்தது, அவரை அடக்கம் செய்த அடுத்த கிழமை.

லூக் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை ஒருநாளும் சொல்வதில்லை. எனக்காகத்தான் விடுகிறான் என்று எனக்குத் தெரியும்.