ஒரு பந்து வெளிர்நீலம் வேண்டி

அன்புத் தங்கைக்கு உன் அண்ணன் ஆசையோடும் கொஞ்சம் அசட்டுத்தனத்தோடும் எழுதிக்கொள்வது. என் இரண்டு ஆள்காட்டி விரல்களைத் தவிர இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்தத் தொல்லையைக் கொடுக்கிறேன். அண்ணன் ஏன் போன் பண்ணாமல் கடிதம் போடுகிறான் என்று பயந்துவிடாதே. போனில் சொன்னால் நீ சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அதனால்தான்.

என் மகளுக்கு, அதாவது உன் செல்ல மருமகளுக்கு, வேலை கிடைத்திருக்கும் ஊர் சாதாரணக் குளிர் இல்லையாம். குழாயை இறுக்கி மூடினால் தண்ணீர் உள்ளேயே கட்டியாகிவிடுமாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ரயில் ஏறுகிறாள். முதல் வருஷம் லீவு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பெட்டி அவளே வாங்கினாள், டிக்கெட் அவளே எடுத்தாள், தங்கும் அறையையும் அவளே போனில் பேசி முடித்தாள். அப்பன் என்று ஒருத்தன் பட்டறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒன்றரை மாதம் முன்னால், பெட்டியில் என்னென்ன வைப்பது என்று கணக்குப் போடும்போது, "மஃப்ளர் மட்டும் அங்க போய் வாங்கிக்கிறேன்ப்பா" என்றாள். "எதுக்கு வாங்கணும், நான் பின்னித் தர்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. என்னைக் கேட்காமல்தான் சொன்னது. உன் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, நீங்களா? சட்டைக்கு ஒரு பட்டன் தைக்கச் சொன்னா தலகாணி உறையையும் சேர்த்துத் தைச்சு வெக்கிற ஆளு" என்றாள். ஆனால் மகள் சிரிக்கவில்லை. "சரிப்பா, பின்னுங்க. ரயில் ஏறும்போதே கழுத்துல போட்டுக்கறேன்" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

முதல் தப்பு, யாரையும் கேட்காமல் நூல்கடைக்குப் போனது. அங்கே நின்றிருந்த பெண்கள் எல்லோரும் நான் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து வழி விட்டார்கள். அழுக்குத் தெரியாது என்று கறுப்பில், பூனை வால் மாதிரி புசுபுசுவென்று ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். அழுக்கு மட்டுமா, எதுவுமே தெரியவில்லை. ஊசியில் கண்ணி, அதாவது மாட்டிய நூல் வளையம், எங்கே இருக்கிறது என்று தேடுவது, கரண்ட் போன பட்டறையில் திருகாணி தேடுவது போலத்தான். பிரிக்கலாம் என்றால் ரோமம் ரோமத்தோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. அது வேண்டாம் என்று மறுநாள் பருத்தியில் மெல்லிசாக, முறுக்காக ஒரு நூல் வாங்கினேன். இருபது கண்ணி போட்டு ஒரு சாண் பின்னிப் பார்த்தால் இரண்டு விரல் அகலம் வந்திருக்கிறது, கயிறு போல விறைப்பாக. "இது கழுத்துக்கா, பெட்டியைக் கட்டவா?" என்று கேட்டுவிட்டு உன் அண்ணி பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

மூன்றாம் தடவை கடைக்காரம்மாவிடமே சரணடைந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டே கீழே பார்க்காமல் பின்னுகிற அம்மா. "முதல் தடவைக்கு வழவழன்னு, நடுத்தர மொத்தத்துல, வெளிர் நிறமா எடுங்க. போட்ட கண்ணி கண்ணுக்குத் தெரியணும். ரோமம் முளைச்சதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி ஒரு வெளிர்நீலக் கம்பளி நூலைக் கையில் வைத்தார். தொட்டதும் எனக்கே கழுத்தில் சுற்றிக்கொள்ளத் தோன்றியது. "ஆறு பந்து வேணும். இப்பவே சேர்த்து எடுத்துருங்க, மேல இருக்கிற லாட் நம்பர் ஒண்ணா இருக்கணும். ஒவ்வொரு தடவை சாயம் முக்கும்போதும் நிறம் லேசா மாறும்" என்றார். அங்கேதான் என் தொழில் கர்வம் எழுந்து நின்றது. "ஏம்மா, நான் இருபத்தேழு வருஷமா வண்டிக்கு டச்சப் பண்றவன். கீறல் விழுந்த கதவை நான் அடிச்சுக் குடுத்தா எந்தக் கதவுன்னு ஓனருக்கே தெரியாது. என்கிட்டப் போய் நம்பர் சொல்றீங்களே" என்றேன். "சரிங்க" என்றார். அந்தச் 'சரிங்க'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு பந்து முடிந்ததும் இரண்டு, அது முடிந்ததும் இன்னும் ஒன்று என்று வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் பழைய நூலையும் புது நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். அச்சு அசலாக ஒரே நிறம். கழுத்துக்கு ஒன்றரைச் சுற்று வந்த பிறகு கட்டிலில் விரித்துப் போட்டேன். தங்கச்சி, மூன்று பட்டை. பந்தில் பதுங்கிக்கொண்டிருந்த வித்தியாசம், பின்னி விரித்ததும் பல்லை இளிக்கிறது. மகள் பாவம், "நல்லாத்தான்ப்பா இருக்கு, கொடி மாதிரி" என்றாள். "எந்த நாட்டுக் கொடி?" என்றாள் அவள் அம்மா.

மறுபடி கடைக்காரம்மா காலில் விழாத குறை. அவர் சிரிக்கக்கூட இல்லை. பழைய லாட்டில் இரண்டு வரிசை, புது லாட்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் சேர்கிற இடம் தெரியாதாம். அடப் பாவி, இதைத்தானே நான் தினமும் பெயின்டில் பண்ணுகிறேன், ஓரத்தில் ஷேடைக் கலைத்துவிடுவது. கடைசிப் பட்டையைப் பிரித்துவிட்டேன். ஆனால் கலக்கப் பழைய லாட் இங்கே தீர்ந்துவிட்டது. மிச்சமெல்லாம் உங்கள் ஊர் பெரிய கடைக்குப் போய்விட்டதாம். ஆகவே லாட் நம்பர் 2114, வெளிர்நீலம், ஒரே ஒரு பந்து, எப்படியாவது தேடிப் பிடித்து அவள் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அனுப்பிவிடு. அவள் வெறுங்கழுத்தோடு ரயில் ஏறினால் எனக்குத் தாங்காது.

கேட்கிற வாயால் ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பல வருஷம் முன்னால் நீ எனக்குப் பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர் பஸ்ஸில் தொலைந்துபோனதாகச் சொன்னேன் அல்லவா, அது தொலையவில்லை. பட்டறையில் வண்டிகளுக்குப் பாலிஷ் போட வைத்துக்கொண்டேன். நன்றாகத் துடைத்தது. ஒரு ஸ்வெட்டர் கை பின்ன எத்தனை ஆயிரம் கண்ணி என்று இப்போதுதான் தெரிகிறது. மன்னித்துவிடு.

மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகள் தலை வலி, காய்ச்சல் இல்லாமல் நெடுநெடுவென்று வளரட்டும். உன் கையும் கண்ணும் எப்போதும் இப்படியே தெளிவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. மகள் கண்ணாடி முன்னால் நின்று மஃப்ளரைப் போட்டுப் பார்த்தவள், "இந்தக் கம்பி குத்துதுப்பா" என்று ஊசியை உருவிவிட்டாள். நானும் சும்மா இல்லாமல், தொங்கிய நூலை இழுத்தால் இறுகும் என்று இழுத்தேன். இறுகவில்லை. வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ஆறு வார வேலை, நீ ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரத்தில் மறுபடி நூலாகிவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள், நான் சுற்றினேன். சாயங்காலம் முழுக்கச் சுற்றினோம். புது வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். இதுவரை சொன்னதே இல்லை. கடைசிப் பந்து முடியும்போது, "அவசரப்படாதீங்கப்பா. கெஞ்சியாவது நாலு மாசத்துல மூணு நாள் லீவு வாங்கறேன். நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்" என்றாள். சீக்கிரம் பின்னி முடித்தால் தபாலில் அனுப்பச் சொல்லிவிடுவாள். ஆகவே அந்த ஒரு பந்து கிடைத்தால், தயவுசெய்து உன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடு. அவள் போன் பண்ணிக் கேட்டால், ஊர் முழுக்கத் தேடியும் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்.