ஒளுத் தண்ணீரை அளக்கும் மகள்

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். உன் கடிதத்துக்குப் பதில் இவ்வளவு தாமதமானதற்குக் காரணம், பத்து நாளாகக் கடும் காய்ச்சல். பேனா பிடிக்கக்கூட முடியவில்லை.

போன வருஷம் நாற்பது பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு மனு கொடுத்தேனே, "மார்க்கம் ஒரு வகுப்பில், அறிவியல் ஒரு வகுப்பில் என்று தனித்தனியாக நிற்கக்கூடாது, படிப்பு வாழ்க்கைக்குள் இறங்க வேண்டும்" என்று, அது இறங்கிவிட்டது அக்கா, நேராக என் வீட்டுக்குள். தொழுகைக்கு முன் ஆற்றங்கரையில் கைகால் முகம் கழுவி ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்ற நபிமொழியை அறிவியல் டீச்சர் அளவைப் பாடத்தோடு சேர்த்து நடத்தி, வீட்டில் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வரச் சொல்லிவிட்டார். உன் செல்லம், என் மகள், குழாய்க்குக் கீழே பேசினை வைத்துப் பிடித்து, என் சமையலறைக் குவளையால் அளக்கிறாள். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு, 'சிக்கனம் காப்போம்' என்று தெருத்தெருவாகப் போர்டு வைக்கிற என் வீட்டுக்காரர் ஒரு ஒளுவுக்கே பதினோரு லிட்டர்! "எடுடி அந்தப் பேசினை!" என்று கத்தினார். "கோபத்துக்குத் தனிப் பக்கம் இருக்கு, அதுல எழுதிக்கவா?" என்று கேட்கிறாள்.

உண்மைக்கும் ஒரு பக்கம் உண்டு; படித்த ஒவ்வொரு நபிமொழிக்கும் வீட்டில் நடப்பதை எழுதணுமாம். மேல்வீட்டு அம்மா மிக்ஸி கேட்டப்போ ரிப்பேர்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள் நான் அரைக்கிற சத்தம் கேட்டதும் இவள் சந்தோஷமா மாடிக்கு ஓடி, "ஆன்ட்டி, சரியாயிடுச்சு, வாங்க!" அந்தம்மா பாத்திரத்தோட வந்து நின்னாங்க. நான் எந்த முகத்தை வச்சிக்கிறது?

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் நோட்டை மைக்கில் வாசிக்கணும். பெற்றோர் சங்கச் செயலாளர் நான். 'பெற்றோரே முதல் பாடநூல்' என்று பேசப் போறதும் நான்தான். ஊர் சிரிச்சாக்கூடத் தாங்கிக்குவேன் அக்கா. வாசிச்சிட்டு அவ என்னை ஒரு பார்வை பார்ப்பாளே, அதைத்தான் என்னால தாங்க முடியாது. நான் கேட்ட படிப்புதான். ஆனா அது பிள்ளையோட நிக்கும்னு நினைச்சேன்.

அதனால் ஓர் உதவி. வியாழன் காலை ஒன்பது மணிக்கு போன் பண்ணி, உடம்புக்கு முடியலை, உடனே வான்னு சொல்லிடு. நாங்கள் கிளம்பிவிடுவோம்.

மச்சானுக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் துஆவில் இந்த வாரம் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துக்கொள்.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டித் தரச் சொன்னேன், எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்துவிட்டாள். "பெரியம்மாவுக்கு வியாழக்கிழமைதான் முடியாமப் போகும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். நீ போன் பண்ண வேண்டாம். காய்ச்சலும் இல்லை, வெறும் சோம்பல்தான். நோட்டை நானே மைக்கில் வாசிக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உடனே ஒரு வரி சேர்த்தாள்: 'அம்மா இன்று உண்மை சொன்னார்கள். நான் கேட்ட பிறகு.'